குழந்தையின் மூச்சு உங்கள் கையில்
(இன்ஹேலர் மருந்தை மாஸ்க் வைத்துக் கொடுக்கும் முறை)



குடும்ப நலம் என்றதும் நம் ஜனங்களுக்கு "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற பழைய சுவர் விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். எத்தனை குழந்தைகள் போதும் என்று தீர்மானிப்பது குடும்ப நலத்தில் பாதிதான். பெற்ற குழந்தையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து ஆளாக்குவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி இப்போது உங்களோடு பேசப் போகிறேன். விஷயம் சின்னதுதான். ஆனால் நடுராத்திரியில் மூச்சு முட்டும் ஒரு குழந்தைக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகையில் கண்டது

சில வருஷங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணி மலையடிவாரத்தில் மருத்துவ முகாமில் இருந்தேன். காவடிக் கூட்டம், கற்பூரப் புகை, புழுதி. தறி நெய்யும் ஒரு தம்பதி, மொட்டை போட அழைத்து வந்த இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பையனுக்கு மூச்சு "கிர்... கிர்..." என்று இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது.

"பையில மருந்து ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் இன்ஹேலர், ஸ்பேசர் குடுவை, மாஸ்க் மூன்றையும் எடுத்துக் காட்டினாள். எல்லாம் புதுசு மாதிரி இருந்தது.

"டாக்டர் குடுத்தாருங்க. மூஞ்சில வச்சா அழுவுறான். எங்க ஆயா வேற, பழக்கமாயிடும், வேணாம்னுட்டாங்க" என்றாள். புருஷன், "நான் ஒரு சாண் தள்ளிப் புடிச்சி அடிப்பேன் சார். காத்துல வந்தா போதும்னு சொன்னாங்க" என்றார்.

முகாம் டாக்டர் அவர்களுடைய மருந்தையே, அவர்களுடைய குடுவையிலேயே, மாஸ்கை முகத்தில் பொருத்தி வைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் இழுப்பு தணிந்தது. அரை மணியில் பையன் பொரி உருண்டை கேட்டான். அதே மருந்து, அதே குடுவை, அதே மாஸ்க். மாறியது கொடுத்த முறை மட்டும்தான்.

"தள்ளிப் பிடித்தால் போதும்" என்று அந்தத் தகப்பனாருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நானே வேலையில் சேர்ந்த புதிதில், குழந்தை அழக் கூடாதே என்று பல தாய்மார்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பைத் திருத்தவும்தான் இதை எழுதுகிறேன்.

இரைப்பு என்பது என்ன?

நம் பக்கத்தில் இதை இரைப்பு, இழுப்பு, வீசிங் என்று பலவிதமாகச் சொல்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் உறவுக்காரர்கள் ஆயாசம், உப்பசம் என்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். நுரையீரலில் மரத்தின் கிளைகளைப் போலப் பிரியும் மெல்லிய மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. குறுகிய வழியில் காற்று போவதால் விசில் சத்தம் கேட்கிறது. பெரியவர்களின் குழாயைவிடக் குழந்தையின் குழாய் மிகவும் சிறியது. அதனால் கொஞ்சம் வீங்கினாலும் திணறல் ஜாஸ்தி.

டாக்டர் இன்ஹேலர் எழுதிவிட்டார் என்பதற்காக, "என் பிள்ளை ஆயுசுக்கும் ஆஸ்துமாக்காரன்" என்று மனம் உடைய வேண்டாம். ஐந்து வயதுக்குள் சளிக் காய்ச்சலோடு இரைப்பு வரும் குழந்தைகளில் பல பேருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் அது தானே விட்டுவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வருகிற இரைப்பு வேறு வகையாகவும் இருக்கலாம். அதற்கு இந்த மருந்து பலன் தராமலும் போகலாம். ஆகவே டாக்டர் பார்த்துச் சொன்ன குழந்தைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். அக்கா பிள்ளையின் மருந்தைத் தங்கை பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

டானிக் போதாதா?

"குடிக்கிற மருந்தே குடுங்க சார்" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரைப்புக்குத் தருகிற சால்புடமால் சிரப்பில், 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதே சால்புடமால் இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 5 மில்லி சிரப்பில் இருப்பது இருபது பஃப் மருந்து!

சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். குணம் தெரியவும் நேரமாகும். இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஐந்து நிமிஷத்தில் வேலை தொடங்கி நாலைந்து மணி நேரம் நிற்கிறது. வாசலில் தீப்பிடித்தால் வாசலில்தானே தண்ணீர் ஊற்றுவோம்!

இந்த இன்ஹேலர் உண்டானதே ஒரு குழந்தையால்தான். 1955-ஆம் வருஷம் அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமாவால் கஷ்டப்பட்ட அவருடைய 13 வயது மகள், "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக் கூடாது?" என்ற கருத்தில் கேட்டாளாம். 1956-ல் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

ஸ்பேசரும் மாஸ்கும் எதற்கு?

இன்ஹேலரை அழுத்தினால் மருந்து வெகு வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். அந்த நொடியிலேயே மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறுகிற வேலை இது. இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் செய்யும்? நேரே வாயில் அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பேசர் என்பது நடுவில் மருந்தைப் பிடித்து வைக்கும் ஒரு காலிக் குடுவை. பெரிய துளிகள் அதன் சுவரில் தங்கிவிடும். மெல்லிய துளிகள் பனி போல நிற்கும். குழந்தை தன் பாட்டுக்கு மூச்சு விட்டாலே போதும், அது உள்ளே போய்விடும். குழந்தை வெளியே விடும் மூச்சு குடுவைக்குள் திரும்பிப் போகாமல் தடுக்க, உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கும்.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உதட்டை இறுக்கி மூடி உறிஞ்சத் தெரியாது. அதனால்தான் மாஸ்க். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். கண்ணில் படக் கூடாது. தாடைக்குக் கீழே தொங்கவும் கூடாது. குழந்தை வளர வளர மாஸ்க் அளவையும் மாற்ற வேண்டும். குழந்தை வாயில் வைத்து ஒழுங்காக மூச்சு விடக் கற்றுக்கொண்ட பிறகு மாஸ்கை எடுத்துவிடலாம்.

கொடுக்கும் முறை

1. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். அதன் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். படுக்க வைத்துக் கொடுக்க வேண்டாம்.

2. இன்ஹேலர் மூடியைக் கழற்றி, நாலைந்து தடவை நன்றாகக் குலுக்குங்கள். புது இன்ஹேலரானாலும், ஒரு வாரத்துக்கு மேல் உபயோகிக்காததானாலும், முதலில் இரண்டு தடவை காற்றில் அடித்துப் பாருங்கள்.

3. இன்ஹேலரைக் குடுவையின் பின்பக்கத்தில் செருகுங்கள். மருந்து டப்பா நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும்.

4. மாஸ்கை மூக்கும் வாயும் மூடும்படி முகத்தில் பொருத்துங்கள். அழுத்தி நசுக்க வேண்டாம். ஆனால் சுற்றிலும் துளிகூட இடைவெளி இருக்கக் கூடாது.

5. இன்ஹேலரை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள்.

6. மாஸ்கை எடுக்காமல் குழந்தை ஆறு மூச்சு விடும் வரை காத்திருங்கள். வால்வு அசைவதைப் பார்த்தோ, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தோ எண்ணலாம். நம் ஊரில் எண்ணிக்கை மறக்காது: ஆறுமுகனுக்கு ஆறு முகம், நமக்கு ஆறு மூச்சு.

7. டாக்டர் இரண்டாவது பஃப் சொல்லியிருந்தால், அரை நிமிஷம் கழித்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு மூன்று பஃப்பைச் சேர்த்து அடித்து வைக்கக் கூடாது. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் தங்கிவிடும்.

8. தடுப்பு மருந்தாக இருந்தால், கொடுத்து முடித்ததும் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். கொப்பளிக்கத் தெரிந்த குழந்தை கொப்பளிக்கட்டும்.

மாஸ்கில் இடைவெளி ஏன் கூடாது? சின்னக் குழந்தைக்கு எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தாலும், அடித்த மருந்தில் கொஞ்சம்தான் நுரையீரல் போய்ச் சேரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். ஓரத்தில் சந்து விட்டால் குழந்தை குடுவையிலிருந்து இழுக்காமல் வெளிக்காற்றையே இழுக்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். காசும் மருந்தும் காற்றோடு போச்சு!

குழந்தை அழுதால்?

"அழுதா நல்லா இழுக்கும், இன்னும் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். இது தப்பு. அழுகிற குழந்தை மூச்சை நீளமாக வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கிறது. மருந்து தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். ஆகவே குழந்தையைச் சமாதானப்படுத்துவதும் சிகிச்சைதான்.

இரைப்பு இல்லாத நல்ல நாளிலேயே பழக்குங்கள். மாஸ்கை விளையாடக் கொடுங்கள். முதலில் அப்பா தன் முகத்தில் வைத்துக் காட்டட்டும். பிறகு பொம்மைக்கு, பிறகு குழந்தைக்கு. மருந்து அடிக்காமல் வெறும் மாஸ்கை வைத்து எண்ணிப் பழகுங்கள். நாலைந்து நாளில் பல குழந்தைகள் தாமே முகத்தை நீட்டும். தூங்கும்போது வைத்துவிடலாம் என்று பார்த்தால், பாதியில் விழித்துக்கொண்டு போராடும். முழித்துச் சிரித்திருக்கும் நேரமே நல்லது. ஆனால் மூச்சு முட்டும் அவசரத்தில் அழுகிறதே என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இறுக அணைத்து, மாஸ்கைப் பொருத்தி, கொடுத்தே ஆக வேண்டும்.

இது தாய் மட்டும் செய்யும் வேலை என்று தகப்பனார்கள் ஒதுங்க வேண்டாம். ஒருவர் அணைத்துப் பிடிக்க, ஒருவர் அழுத்த, இரண்டு பேரும் செய்தால் வேலை சுலபம். தறிக்கோ, கரும்பு வெட்டுக்கோ ஒருவர் போய்விட்டால் மற்றவர் தனியாகக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஆயா இருந்தால் அவருக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் அவரே உங்களுக்குத் துணை நிற்பார்.

எந்த இன்ஹேலர், எதற்கு?

இரண்டு வகை உண்டு. ஒன்று நிவாரண மருந்து: இரைப்பு வந்தபோது குழாயைத் திறந்துவிடுவது, சால்புடமால் இந்த வகை. மற்றொன்று தடுப்பு மருந்து: வீக்கத்தை மெல்ல மெல்லத் தணிப்பது, புடெசோனைடு போன்றவை. தடுப்பு மருந்தைக் குழந்தை நன்றாக விளையாடும் நாளிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். திணறல் வந்த நேரத்தில் அதை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் திணறல் தீராது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எது எந்த மருந்து என்று நர்ஸம்மாவிடம் கேட்டு, டப்பாவின் மேல் "தினமும்", "இரைப்புக்கு" என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மெஷின்தான் வேண்டுமா?

"மெஷின்ல புகை வச்சாத்தான் கேக்குது" என்று நெபுலைசரைத் தேடி ராத்திரியில் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற இரைப்புக்கு, ஒழுங்காகக் கொடுத்த ஸ்பேசர் மெஷினுக்குச் சமம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. படபடப்பும் குறைவு. கரண்டு வேண்டாம். பஸ்ஸிலும் கொடுக்கலாம்.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லையே என்று ஏங்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர் ஹெதர் சார் குழுவினர், 500 மில்லி குளிர்பானப் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் அளவுக்குத் துளை போட்டு, அதையே ஸ்பேசராக வைத்துச் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சமமாக வேலை செய்தது. 1999-ல் இது பிரசுரமாயிற்று. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்களும் வீட்டில் செய்யும் ஸ்பேசரைச் சோதித்து 2001-ல் நல்ல முடிவை வெளியிட்டார்கள். ஆனால் துளையில் சந்து விழாமல் செய்ய வேண்டும். சின்னக் குழந்தைக்கு மாஸ்கும் பொருத்த வேண்டும். ஆகவே நீங்களாகச் செய்யாமல், டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டிச் செய்துகொள்ளுங்கள்.

குடுவையைப் பாதுகாக்கும் விதம்

பிளாஸ்டிக் குடுவையைத் துணியால் தேய்த்துத் துடைத்தால், சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுவது போல, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே புதுக் குடுவையை முதலிலும், பிறகு மாதம் ஒரு தடவையாவதும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ரெண்டு சொட்டு விட்டு முக்கி எடுத்துத் தானாகக் காய விடுங்கள். தேய்க்க வேண்டாம். மாஸ்கை மட்டும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கலாம்.

கத்திரி வெயிலில் திருத்தணி எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஹேலரை வெயிலிலும், அடுப்பு ஓரத்திலும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்காதீர்கள். தண்ணீரில் மிதக்க விட்டுக் காலியா என்று பார்ப்பது சரியான சோதனை அல்ல. 200 பஃப் இன்ஹேலரில் தினம் 2 பஃப் என்றால் 100 நாள். தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்கும் சந்தேகங்கள்

பழக்கமாகிவிடுமா? ஆகாது. இது போதை வஸ்து அல்ல. கண்ணாடி போட்டால் கண் கண்ணாடிக்கு அடிமையாவதில்லை. ஆனால் நிவாரண மருந்து அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். டாக்டரைப் பாருங்கள்.

தடுப்பு மருந்து ஸ்டீராய்டாமே? ஆமாம். ஆனால் மைக்ரோகிராம் அளவில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. சில குழந்தைகளுக்கு உயரம் ஒரு சென்டிமீட்டர் போலக் குறையலாம். அதனால்தான் டாக்டர் பலன் தருகிற குறைந்த அளவைத் தேடித் தருகிறார். இரைப்பிலேயே வாடுகிற குழந்தையும் வளராது, தூங்காது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெண் குழந்தையாச்சே, நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணம் தடைப்படாதா? மறைத்து வைத்த மருந்து மூச்சு முட்டும்போது கைக்கு எட்டாது. இருபது வருஷத்துக்குப் பிறகு வரப்போகிற மாப்பிள்ளைக்காக, இன்றைய ராத்திரி மூச்சைப் பணயம் வைக்கலாமா?

ஹைதராபாத் மீன் மருந்து? ஜூன் மாதத்தில் அங்கே விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து உயிரோடு விழுங்கச் செய்கிறார்கள். இரைப்பைத் தீர்க்கும் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை. நம்பிக்கை அவரவர் விஷயம். ஆனால் சின்னக் குழந்தையின் தொண்டையில் மீன் அடைத்துக்கொள்ளலாம். இன்ஹேலரை நிறுத்துவதோ அதைவிட ஆபத்து.

உடனே புறப்பட வேண்டிய நேரம்

இரைப்பு வந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு நிவாரண மருந்தைக் கொடுங்கள். சின்னக் குழந்தைக்கு வழக்கமாக ஒவ்வொன்றாக 2 பஃப். குறையாவிட்டால் 20 நிமிஷம் கழித்து மறுபடி 2 பஃப். இன்னும் 20 நிமிஷத்தில் மூன்றாவது தடவை. 6 பஃப்பிலும் தணியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. தணிந்து மறுபடி சீக்கிரமே வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.

உதடோ நாக்கோ நீலம் பாய்வது.
மூச்சுக்கு மூச்சு நெஞ்சு உள்ளே குழிவது.
பால், தண்ணீர் குடிக்க முடியாமை, பேச்சு திக்குவது.
துவண்டு, மயங்கி, கூப்பிட்டால் முழிக்காமை.
குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு மூச்சு 40-க்கு மேல் (ஒரு வயதுக்கு உட்பட்டால் 50-க்கு மேல்) ஓடுவது.

இன்னொன்றை முக்கியமாகக் கவனியுங்கள். குழந்தை சோர்ந்திருக்கும்போது விசில் சத்தம் திடீரென்று நின்றால், "அப்பாடா, விட்டுப்போச்சு" என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே போகாததால் சத்தம் அடங்கியிருக்கலாம். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அடையாளம். வண்டி வரும் வரையிலும், வழியிலும் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருங்கள்.

வீட்டுப் புகையைக் குறையுங்கள்

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். இரைப்புள்ள குழந்தைக்கு அது கூடாது. தலையைத் துணியால் துவட்டினாலே போதும். பீடி, சிகரெட் பிடிக்கிற தகப்பனார் வாசலுக்குப் போய்ப் பிடித்தாலும் புகை சட்டையோடு வீட்டுக்குள் வரும். விட்டுவிடுவதே குழந்தைக்குச் செய்கிற உபகாரம். கொசுவர்த்தி, விறகடுப்பு, போகிப் புகை, தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசி இவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். கிருத்திகைக்கோ, டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கோ மலைக்கு வந்தால், குழந்தையின் துணிப்பையில் இன்ஹேலரும் குடுவையும் மாஸ்கும் முதலில் ஏறட்டும். தடுப்பூசிகளையும் காலத்தில் போடுங்கள்.

ஞாபகம் வைக்க வேண்டியது மூன்றே: சந்தில்லாத மாஸ்க், ஒரு தடவைக்கு ஒரு பஃப், ஆறு மூச்சு.

இதைப் படித்து முடித்ததும் அலமாரியில் இருக்கும் குடுவையை எடுங்கள். இன்று சாயங்காலமே புருஷனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்து காட்டிப் பழகுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியரிடம் கொண்டுவந்து, "சரியா வைக்கிறேனா பாருங்கம்மா" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. ஆரம்ப சுகாதார நிலையமும், திருத்தணி அரசு மருத்துவமனையும் உங்களுக்காகத்தான் இருக்கின்றன.